வெயிலில் கிளம்பி குளிரில் நடுங்கும் போட்டி: சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகில் ஏறுபவர்கள் என்ன உடுத்துவார்கள், எப்படி நடந்துகொள்வார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26-ம் தேதி மதியம் 1 மணிக்கு சிட்னி துறைமுகத்தில் பீரங்கி வெடிக்கும். ஆஸ்திரேலியாவில் அப்போது நல்ல கோடைக்காலம். கரையெல்லாம் கூட்டம். படகில் இருப்பவர்களும் அரைக்கால் சட்டை, டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் என்று ஜாலியாகத்தான் இருப்பார்கள். அந்தக் காட்சியை மட்டும் டிவியில் பார்த்தால், சுற்றுலா போகிறார்கள் என்றே தோன்றும்.

அன்று ராத்திரியோ மறுநாளோ அதே ஆட்களைப் பார்க்க வேண்டும். மூன்று அடுக்கு உடை, கம்பளித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மார்பில் லைஃப் ஜாக்கெட், அதிலிருந்து படகோடு பிணைத்த ஒரு வார். அலை முகத்தில் அறைய அறைய, படகின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உலகின் கடினமான கடல் போட்டிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் சிட்னி–ஹோபார்ட் போட்டியில், என்ன உடுத்துவது, எப்போது பேசுவது, எத்தனை மணிக்கு எழுந்து வருவது என்பதெல்லாம் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயங்கள் மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சில காரணங்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

அதென்ன போட்டி?

சிட்னியிலிருந்து டாஸ்மேனியா தீவின் தலைநகர் ஹோபார்ட் வரை 628 கடல் மைல், அதாவது சுமார் 1,163 கிலோமீட்டர். முதல் போட்டி 1945-ல் நடந்தது. ஒன்பதே படகுகள். முதலில் வந்த 'ராணி' என்ற படகு ஆறு நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2017-ல் 'காமான்ச்' என்ற 100 அடி படகு 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் முடித்ததுதான் சாதனை. சிறிய படகுகளுக்கு இப்போதும் நான்கைந்து நாட்கள் ஆகும்.

பெரிய படகுகளில் இருபது பேருக்கு மேல்கூட இருப்பார்கள். சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்களும் உண்டு. ஆனால் நடுத்தர, சிறிய படகுகளில் ஏறுபவர்கள் பெரும்பாலும் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வருபவர்கள்தான். ஆசிரியர், டாக்டர், மெக்கானிக் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

கோடையில் ஏன் குளிர்கிறது?

மூன்று காரணங்கள். முதலாவது, போட்டியின் திசை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே. நமக்கு வடக்கே போகப் போகக் குளிர். அவர்களுக்குத் தெற்கே போகப் போகக் குளிர். சிட்னி பக்கம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் கடல்நீர், டாஸ்மேனியாவை நெருங்கும்போது 15 டிகிரி பக்கம் இறங்கிவிடும்.

இரண்டாவது, காற்று. தெற்கிலிருந்து திடீரென்று வீசும் குளிர்காற்றுக்கு உள்ளூரில் 'சதர்லி பஸ்டர்' என்று பெயர். சில நிமிடங்களில் காற்றின் திசை அப்படியே மாறி, வெப்பநிலை மளமளவென்று இறங்கும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. காற்று தெற்கிலிருந்து, நீரோட்டம் வடக்கிலிருந்து. இரண்டும் எதிரெதிரே மோதினால் அலை செங்குத்தாக எழும். அதைத் தாண்டினால் ஆழம் குறைந்த பாஸ் நீரிணை. அங்கே அலைகள் இன்னும் நெருக்கமாக, இன்னும் கோபமாக வரும்.

மூன்றாவது காரணம் எளிமையானது: ஈரம். 15 டிகிரி என்பது ஊட்டியில் ஒரு சாதாரண சாயங்காலம்தான், ஒரு ஸ்வெட்டர் போதும். அதே 15 டிகிரியில் நனைந்த சட்டையோடு, காற்றில், அசையாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால்? நீர் நம் உடம்புச் சூட்டை, காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும்.

எதற்கு அசையாமல் உட்கார வேண்டும் என்கிறீர்களா? காற்று தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் வேகம் குறையும். அதனால் கையில் வேலை இல்லாத எல்லோரும், காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் எடையால் படகை நிமிர்த்துவார்கள். மணிக்கணக்கில் அந்த நேரத்தில் நீங்கள் வீரர் இல்லை, மூட்டை. புதிதாக வருபவர்களுக்குக் கிடைக்கும் முதல் 'பதவி' இதுதான்!

பருத்திக்கு இடமில்லை

நம்ம ஊரில் பருத்திதான் ராஜா. ஆனால் குளிர்க்கடலில் பருத்தி பனியன், பருத்தி ஜட்டி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் தோலை ஒட்டிப் போடும் முதல் அடுக்கு, மெரினோ ஆட்டுக் கம்பளி அல்லது பாலியஸ்டர். வியர்வையைத் தோலிலிருந்து வெளியே கடத்துவதுதான் இதன் வேலை. 'குளிரில் என்ன வியர்வை?' என்று கேட்கலாம். பாயை இழுத்துக் கட்டும் ஐந்து நிமிடத்தில் ஆள் தொப்பலாக நனைந்துவிடுவார். அதற்கப்புறம் விளிம்பில் போய் உட்காரும்போதுதான் அந்த வியர்வையே எதிரியாக மாறும். கம்பளிக்கு இன்னொரு நன்மை, நான்கு நாள் துவைக்காவிட்டாலும் நாற்றம் குறைவு. ஒரே அறையில் பத்துப் பேர் தூங்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது அடுக்கு, ஃப்ளீஸ் மாதிரியான தடிமனான, லேசான துணி. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது இதுதான். மூன்றாவது, தண்ணீர் புகாத வெளி உடை. மார்பு வரை ஏறும் தோள்பட்டை வைத்த பேன்ட், அதற்கு மேல் உயரமான காலர் வைத்த ஜாக்கெட். அந்தக் காலத்தில் துணியில் எண்ணெய் பூசித்தான் இதைச் செய்தார்கள். இப்போது நீரைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் துணிகள் வந்துவிட்டன. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் இறுக்கிக் கட்டாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வேஸ்ட்தான். ஒரே ஓர் அலை கழுத்து வழியாக உள்ளே போனால் மூன்று அடுக்கும் காலி.

அனுபவசாலிகள் சொல்லும் ஒரு பழக்கம்: குளிர ஆரம்பித்த பிறகு உடுத்தாதீர்கள், அதற்கு முன்பே உடுத்துங்கள். ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குள், மண்டியிட்டுக்கொண்டு, விரல் விறைத்த நிலையில் ஜிப் போடுவது லேசான வேலை இல்லை. பலருக்கு வாந்தி ஆரம்பிப்பதே அங்கேதான்.

கொண்டுபோகும் பையில் இன்னொரு செட் உள்ளாடையும் காலுறையும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இருக்கும். அதைக் கடைசி வரை தொடமாட்டார்கள். யாராவது உடல் சூடு குறைந்து விழுந்தால் அவருக்கு மாற்றிவிட அதுதான் உதவும். பை எடை குறைவாக இருக்க வேண்டும் என்று மீகாமன் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். (கேப்டனுக்குத் தமிழில் 'மீகாமன்' என்ற அழகான சொல் இருக்கும்போது பயன்படுத்தாமல் இருக்க மனசு வரவில்லை.) சக்கரம் வைத்த சூட்கேஸோடு யாராவது வந்தால், அவர் முதல் தடவை வருகிறார் என்று துறைமுகத்துக்கே தெரிந்துவிடும்.

உயிரைப் பிடிக்கும் வார்

உடைகளுக்கு மேலே ஒரு லைஃப் ஜாக்கெட். தண்ணீரில் விழுந்தால் தானாக உப்பும் வகை. அதன் மார்புப் பகுதியில் ஒரு வளையம். அதிலிருந்து ஒரு வார். மறுமுனையைப் படகின் மேல்தளத்தில் நீளமாகக் கட்டியிருக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டே நகர வேண்டும்.

இந்த வாரைப் பற்றிக் கடல் உலகம் கற்றுக்கொண்ட பாடம் மிகக் கசப்பானது. 1998 போட்டியில் 115 படகுகள் கிளம்பின. இரண்டாவது நாள், பாஸ் நீரிணைப் பக்கம், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் புயல் அடித்தது. ஹோபார்ட் போய்ச் சேர்ந்தவை 44 மட்டுமே. ஐந்து படகுகள் மூழ்கின. 55 பேரை ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் மீட்டன. ஆறு பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பிரிட்டனுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய கிளின் சார்ல்ஸ். படகு உருண்டபோது அவருடைய வார் அறுந்து, கடலில் வீசப்பட்டார். இன்னொரு படகில் நேர் எதிராக நடந்தது. படகு கவிழ்ந்தபோது வார் அறுபடவில்லை. மாட்டியிருந்த அந்த வாரே ஒருவரை நீருக்கடியில் பிடித்து வைத்துவிட்டது. ஒருவருக்கு அறுந்ததால் மரணம், ஒருவருக்கு அறுபடாததால் மரணம். இன்றைக்குக் கடல் போட்டிகளில் பயன்படுத்தும் வார்களைப் பாருங்கள். பாரம் தாங்கும் வலுவுக்கும் தர விதி உண்டு, மார்புப் பக்கத்துக் கொக்கியைப் பாரம் இருக்கும்போதே உடனே கழற்றும் வசதியும் உண்டு. பலர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்னக் கத்தியும் வைத்திருப்பார்கள்.

வாரைக் கழற்றி மாட்டும் அந்தச் சில நொடிகள்கூட ஆபத்தானவை. 2018 மார்ச் மாதம், உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸில் ஜான் ஃபிஷர் என்ற அனுபவம் வாய்ந்த வீரர், வாரைக் கழற்றிவிட்டு முன்பக்கம் நகர்ந்த நேரத்தில், எதிர்பாராமல் திரும்பிய பாயின் கயிற்று அமைப்பு அடித்துக் கடலில் விழுந்தார். தென் பெருங்கடலில் பல மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அதனால்தான் இப்போது பலரும் இரண்டு கொக்கி வைத்த வாரைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றை மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்றுவது.

தலைக்கு மேலே ஒரு கழி

பெரிய பாயின் அடிப்பகுதியை விரித்துப் பிடித்திருக்கும் கிடைக்கழிக்கு 'பூம்' என்று பெயர். படகு திசை மாறும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். காற்று பின்னாலிருந்து வீசும்போது தவறுதலாகத் திரும்பினால், தடுக்க எந்த மனிதக் கையாலும் முடியாது. 2024 போட்டியின் முதல் இரவிலேயே இரண்டு வெவ்வேறு படகுகளில் இருவர் இறந்தார்கள். இரண்டுமே இந்தக் கழியும் அதைக் கட்டுப்படுத்தும் கயிறும் சம்பந்தப்பட்ட விபத்துகள்.

இங்கேதான் 'நடத்தை' என்ற விஷயம் வருகிறது. படகில் யார் எப்போது பேசலாம் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. திருப்பத்துக்கு முன் சுக்கான் பிடிப்பவர் குரல் கொடுப்பார். அந்தந்த இடத்தில் இருப்பவர்கள் 'ரெடி' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் திருப்பக் கூடாது. சொன்னதைத் திருப்பிச் சொல்வது மரியாதைக்காக இல்லை; காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும் என்பதற்காக.

போட்டி தொடங்கும் நிமிடங்களில் இன்னும் கண்டிப்பு. சுக்கான், வியூகம் வகுப்பவர், முன்முனையில் நிற்பவர், இவர்களைத் தவிர மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். முன்முனைக்காரரும் கத்துவதில்லை. தொடக்கக் கோட்டுக்கு இன்னும் எத்தனை படகு நீளம் இருக்கிறது என்று விரலைக் காட்டுவார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் 'சார், அங்க பாருங்க டால்பின்!' என்று சொன்னால் அடுத்த போட்டிக்குக் கூப்பிடமாட்டார்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும், எவ்வளவு ஜூனியராக இருந்தாலும், கத்தலாம். கத்தியே ஆக வேண்டும்.

பத்து நிமிடம் முன்னால் வா

ராத்திரியும் பகலும் படகு நிற்காது. அதனால் குழுவை இரண்டாகப் பிரித்து, நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என்பது பரவலான முறை. காகிதத்தில் நான்கு மணி ஓய்வு. நிஜத்தில் உடை கழற்ற, ஏதாவது சாப்பிட, மறுபடி உடுத்த என்று போக, தூக்கம் இரண்டரை மணி நேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். பெரிய திருப்பம் வந்தால் 'எல்லோரும் மேலே வாங்க' என்று அதுவும் போய்விடும்.

இந்தப் பின்னணியில், வேலை மாறும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வருவது படகில் மிகப் பெரிய குற்றமாகப் பார்க்கப்படுகிறது. மேலே நனைந்து நடுங்கிக்கொண்டிருப்பவரின் தூக்கத்திலிருந்து அந்த ஐந்து நிமிடம் போகிறது. முழு உடையில், வார் மாட்டி, பத்து நிமிடம் முன்பே மேலே வந்தால், கண் இருட்டுக்குப் பழகும். காற்று எப்படி, அருகில் எந்தப் படகு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கீழே போகும்போது சூடாக ஏதாவது கலக்கி மேலே அனுப்பினால், உங்கள் பெயர் நல்லபடியாகப் பேசப்படும்.

படுக்கையும் சொந்தம் இல்லை. நீங்கள் எழுந்த இடத்தில் அடுத்தவர் படுப்பார், உங்கள் சூடு ஆறும் முன்பே. அதனால் ஈர உடையோடு படுக்கையில் ஏறுவது பாவம். கால் படகின் முன்பக்கம் இருக்கும்படி படுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. படகு எதன் மீதாவது மோதி சட்டென்று நின்றால் தலைக்குப் பதில் கால் அடி வாங்கும். பல படகுகளில், திசை மாறும்போதெல்லாம் தூங்குபவர்களும் எழுந்து காற்று வரும் பக்கத்துப் படுக்கைக்கு மாற வேண்டும். தூக்கத்திலும் நீங்கள் மூட்டைதான்!

கழிவறை, வாந்தி, வெட்கம்

மொபைலில் படிப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பகுதியை மட்டும் அப்புறம் படிக்கவும்.

கழிவறை என்பது ஒரு சின்னக் கிண்ணம், ஒரு பம்ப். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். சாயும் படகில் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ராத்திரியில் படகின் பின்விளிம்பில் தனியாக நின்று சிறுநீர் கழிப்பது. கடலில் விழ இது ஒரு நல்ல வழி. மார்பு வரை ஏறும் பேன்ட்டைக் கழற்றும் தொல்லைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அதுவும் ஆபத்து, நீர் வற்றிய உடம்பு சீக்கிரம் குளிரும். பின்பக்கம் மட்டும் திறக்கும் ஜிப் வைத்த பேன்ட்கள் பெண்களுக்கென வந்தது இதனால்தான்.

வாந்தி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே ஆயுள் முழுக்கக் கடல் நோய் இருந்தது. காற்று போகும் பக்கத்தில், வாரை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுக்க வேண்டும். மறைப்பதுதான் தப்பு. மறைப்பவர் சாப்பிடமாட்டார், குடிக்கமாட்டார், பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் கை வராது.

குளிரும் அப்படித்தான். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அதில் கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. கால் தடுமாறும், பேச்சு குழறும், விரல் சொன்னபடி கேட்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். 'எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்பார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அரை மணிக்கு ஒருமுறை பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இருட்டில் எதிரே இருப்பவர் சிடுசிடுத்தால் முதலில் கோபப்படாமல், அவர் கையைத் தொட்டுப் பார்ப்பது நல்ல குழுவின் அடையாளம்.

ரேடியோவில் சொல்ல வேண்டிய ஒரு வாக்குமூலம்

1998-க்குப் பிறகு வந்த மாற்றங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. பாஸ் நீரிணைக்குள் நுழைவதற்கு முன் கிரீன் கேப் என்ற முனை வரும். அதைக் கடக்கும் ஒவ்வொரு படகும் ரேடியோவில் அழைத்து, படகும் குழுவினரும் தொடர்ந்து செல்லத் தகுதியான நிலையில் இருப்பதாகச் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லும் முன், மீகாமன் குழுவைக் கேட்பார். அப்போது யாராவது தன் காய்ச்சலையோ, மணிக்கட்டு வீக்கத்தையோ, பயத்தையோ மறைத்தால், அந்த வாக்குமூலமே பொய்யாகிவிடும். ஒரு வருஷம் காத்திருந்து, காசு செலவழித்து வந்த போட்டி. 'என்னால முடியல' என்று சொன்னால் மொத்தப் படகும் அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டி வரலாம். சொல்வது கஷ்டம்தான். சொன்னவரை அதன் பிறகு குத்திக்காட்டாமல் இருப்பது, மற்றவர்கள் காட்ட வேண்டிய நடத்தை.

விழுந்தே விட்டால்?

மிகக் குளிர்ந்த நீருக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: 1–10–1. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அப்போது பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் உபயோகப்படும். நினைவு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடலில் விழுந்த பலர் குளிரில் உறைந்து இறப்பதில்லை, முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். லைஃப் ஜாக்கெட் காப்பாற்றுவது அந்த நிமிடங்களில்தான்.

2011 ஆகஸ்டில் அயர்லாந்து அருகே ஃபாஸ்ட்நெட் போட்டியில் 'ராம்ப்ளர் 100' என்ற படகின் அடிக்கட்டை உடைந்து, படகு நொடிகளில் கவிழ்ந்தது. மொத்தம் 21 பேர். 16 பேர் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிவிட்டார்கள். படகின் உரிமையாளர் ஜார்ஜ் டேவிட் உட்பட ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்த ஐந்து பேரும் கைகோத்து வட்டமாக ஒட்டிக்கொண்டு, இரண்டரை மணி நேரம் போல மிதந்தார்கள். ஒருவரும் பிரியவில்லை. எல்லோரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

நம்ம ஊரிலிருந்து?

குளிர்க்கடல் படகோட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற கடற்படைப் பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் திரும்பிய இரண்டு அதிகாரிகளில் ஒருவரான ரூபா புதுச்சேரிக்காரர். உடன் சென்ற தில்னா கேரளாவின் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். அது போட்டி இல்லை. ஆனால் இரண்டே பேர் மாறி மாறித் தூங்கி, எட்டு மாதம், தென் பெருங்கடல் குளிர் வழியாக. மேலே சொன்ன காவல் முறையை இரண்டு பேருக்குச் சுருக்கிப் பாருங்கள். நீங்கள் எழுந்தால்தான் அவர் தூங்க முடியும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவர் ஓட்டும் 49இஆர் படகுப் பிரிவில் கலந்துகொண்ட கே.சி.கணபதி, வருண் தக்கர் ஜோடி சென்னையைச் சேர்ந்தது. சென்னைத் துறைமுக வளாகத்துக்குள் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இயங்குகிறது.

நம் கடலில் எதிரி குளிர் அல்ல, வெயில். மூன்று அடுக்குக்குப் பதில் முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். மற்றபடி விதிகள் அதேதான். தளத்தில் கறை பிடிக்காத, கறுப்பு அல்லாத சோல் வைத்த ஷூ. ஏறும் முன் 'வரலாமா?' என்று ஒரு வார்த்தை. வருகிறேன் என்று சொன்னால் வந்தே தீர வேண்டும், ஏனென்றால் உங்கள் எடையையும் கணக்கில் வைத்துத்தான் ஆள் சேர்த்திருப்பார்கள். போட்டி முடிந்து கரை ஒதுங்கியதும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நழுவாமல், உப்புப் போகப் படகைக் கழுவி, பாயை மடித்து வைக்கும்வரை இருக்க வேண்டும். அடுத்த வாரம் யாரைக் கூப்பிடலாம் என்று மீகாமன் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான்.